கேஸா, இண்டக்ஷனா? முதலில் மீட்டர் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள்

சிலிண்டர் விலை ஏறுகிறபோதெல்லாம் ஒரு கட்டுரை கிளம்பிவிடும். பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் வரும், யூட்யூபில் வரும், வாட்ஸப் குழுவில் நாலு பேர் ஒரே நாளில் அனுப்புவார்கள். கேஸ் அடுப்பா, இண்டக்ஷன் அடுப்பா, உங்கள் சமையலறைக்கு எது லாபம்? இடது பக்கம் நீலத் தீ, வலது பக்கம் கறுப்புக் கண்ணாடி. கீழே வேகம், செலவு, பாதுகாப்பு, சுத்தம் என்று கட்டம் கட்டி மதிப்பெண் போட்டிருப்பார்கள். உங்கள் தேவைக்கும் வசதிக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுவார்கள்.

இந்த ‘உங்கள்’ யார்? அந்த ‘உங்கள்’ வீட்டில் நின்று சமைக்க மேடை இருக்கிறது. மேடைக்கு மேலே 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது. வீடு நிற்கிற மனைக்குப் பட்டா இருக்கிறது. பட்டா இருப்பதால் சொந்தப் பேரில் மீட்டர் இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு டியூப் லைட் மினுக்காமல் எரிகிற அளவுக்கு வோல்டேஜும் இருக்கிறது. குடவாசல் வட்டத்தில் நான் வேலைக்காகப் போய்வருகிற காலனிகளில் இவை எல்லாம் ஒன்றாக அமைந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலேயே அதிக விகிதம் இங்கேதான். அந்த 34 பேரின் வீட்டு அடுப்பு இந்தக் கட்டங்கள் எதிலும் இல்லை.

அதனால் இந்தக் கேள்வியே நமக்கு வேண்டாதது என்று சொல்ல வரவில்லை. ரொம்பவும் வேண்டிய கேள்வி. ஆனால் அதை நம் தெருவிலிருந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் விறகிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

டெல்டாவில் காடு கிடையாது. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கும் பச்சைதான். ஆனால் அந்தப் பச்சையில் கீழே விழுகிற ஒவ்வொரு தென்னை மட்டைக்கும் சொந்தக்காரர் உண்டு. தோப்பு மிராசுதாருடையது. படுகை மூங்கில் அவருடையது, அல்லது கோயிலுடையது. வைக்கோல் களத்துக்குச் சொந்தக்காரருடையது. வரட்டி தட்டலாம் என்றால் மாடு வேண்டும். புறம்போக்கில் வளர்ந்த சீமைக்கருவையும் வாய்க்கால் ஓரத்துக் காட்டாமணக்கும்தான் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய விறகு. காட்டாமணக்கு எரிகிறதைவிடப் புகைகிறதுதான் அதிகம். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

ஆகவே விறகு என்பது கேட்டு வாங்குகிற பொருளாக இருந்தது. ஊர்த்தெருவில் யார் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று கேட்பது, அதற்கு என்ன செய்து கொடுப்பது என்பதெல்லாம் எழுதாத கணக்கு. மாட்டுக்கொட்டகை கூட்டிக் கொடு, வாசல் தெளித்துக் கொடு, பாளையும் பன்னாடையும் அள்ளிக்கொண்டு போ. இதற்குக் கூலி என்று பேர் கிடையாது. வயலில் கூலி கூடக் கேட்டால் தோப்புக்குள் வராதே என்றுவிடுவார்கள். உலை வைக்க விறகு இல்லாத வீடு எத்தனை நாள் வேலைநிறுத்தம் செய்யும்? தோப்புக்குள் தனியாகப் போன பெண்களிடம் காவலுக்கு நின்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை எங்கள் தெருப் பாட்டிமார்கள் பாதி சொல்வார்கள், பாதியை விழுங்கிவிடுவார்கள்.

1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் பின்னால் நம்மவர்களின் ரத்தம் இருக்கிறது. ஆனால் விறகுக்கென்று எந்தச் சட்டமும் வரவில்லை. எம்.ஏ. சமூகவியலில் இரண்டு வருடம் நிலவுறவும் சாதியும் படித்தேன். அடுப்பு எந்தத் தாளிலும் வரவில்லை. அடுப்பு பெண்கள் விஷயம், நிலம் ஆண்கள் விஷயம் என்று பாடத்திட்டம் போட்டவர்கள் பிரித்துவைத்திருந்தார்களோ என்னவோ.

அந்தக் கயிற்றை அறுத்தது சிலிண்டர்தான். 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து, 2007 முதல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. ‘இலவசத்தைக் காட்டி மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்’ என்று அப்போது எழுதியவர்களில் ஒருவர்கூடக் கொல்லைப்பக்கம் நின்று விறகு கேட்டவர் கிடையாது. எங்கள் பெண்களுக்கு அந்த அடுப்பு ஒரு பாத்திரச்சாமான் அல்ல. இனிமேல் ஊர்த்தெருவுக்குக் காலையில் போகவேண்டாம் என்பதுதான் அதன் பொருள். நடவுக் கூலி பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததற்கு சங்கங்கள் காரணம், நூறு நாள் வேலை காரணம், வெளியூர் போன பிள்ளைகள் அனுப்பிய பணம் காரணம். சிலிண்டரும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன்.

இன்றைக்கு விறகடுப்புக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. விறகடுப்பு பிரியாணி என்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் போர்டு. மண்சட்டியில், கருவேல விறகில், தோப்பு நிழலில் சமைப்பதை லட்சக்கணக்கானோர் செல்போனில் பார்த்து எச்சில் ஊறுகிறார்கள். ஊறட்டும். மாதம் ஒரு நாள் வெளியில் உட்கார்ந்து ஆண்கள் சமைக்கிற விறகடுப்பும், ஓட்டுக்கூரைக்குள் விடியற்காலை நாலரை மணிக்கு ஊதுகுழலோடு குனிந்து கிடக்கிற விறகடுப்பும் ஒன்றல்ல. அந்த ருசியில் எங்கள் அம்மாக்களின் கண் எரிச்சலும் இருமலும் சேர்ந்திருக்கிறது.

இப்போது ஒப்பிட வருவோம். கட்டம் போட்டு மதிப்பெண் தருகிறவர்கள் செய்கிற கணக்கை நாமும் செய்வோம். ஆனால் முழுசாகச் செய்வோம்.

ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. மின்சார அளவில் சொன்னால் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் அதில் அடங்கியிருக்கிறது. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி வீட்டுக் கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்படியானால் பாத்திரத்துக்குப் போவது 122 யூனிட். இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தின் அடியையே சூடாக்குவதால் வீணாவது குறைவு. 85 சதவீதம் அளவுக்குப் பாத்திரத்துக்குப் போகும். ஆக ஒரு சிலிண்டரின் வேலையை இண்டக்ஷனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் மின்சாரம் ஆகும். பர்னர் அடைத்துத் தீ மஞ்சளாக எரிகிற பழைய அடுப்பாக இருந்தால் இன்னும் குறைவான யூனிட்டே போதும்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றிய பிறகு சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த விலையை வைத்தே கணக்குப் போடுவோம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு வீட்டு மின்சாரம், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வரைக்கும் யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் அது விளக்குக்கும் ஃபேனுக்கும் டி.வி.க்குமே போய்விடும். அடுப்புக்கு ஆகிற 140 யூனிட்டை 4.80ஆல் பெருக்கினால் 672 ரூபாய். சிலிண்டரைவிட 200 ரூபாய் குறைவு. பார்த்தீர்களா, இண்டக்ஷன்தான் லாபம் என்று கட்டுரைக்காரர் இங்கே பேனாவை மூடிவிடுவார்.

நாம் மூட வேண்டாம். சொந்த மீட்டர் இல்லாத வீட்டுக்கு வருவோம். குடவாசல் கடைத்தெருப் பக்கம் வாடகைக்கு இருக்கிற நம் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு 8, 10 என்று வாங்குகிறார்கள். அரசு கொடுக்கிற இலவச 100 யூனிட்டும் வீட்டுக்காரர் கணக்கில்தான். பத்து ரூபாய் என்றால் அதே 140 யூனிட்டுக்கு 1,400 ரூபாய். மாதம் ஒரு சிலிண்டர் ஆகிற பெரிய குடும்பம், வீட்டில் ஃபிரிட்ஜும் இருக்கிறது என்றால், அடுப்புக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட். மற்றதையும் சேர்த்தால் 400ஐத் தாண்டும். தாண்டிய யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. லாபம் அங்கேயே கரைய ஆரம்பிக்கும்.

இன்னொரு வீட்டையும் பார்ப்போம். உஜ்வாலா இணைப்பு உள்ள வீடு. சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக்கு வரும். அந்த வீட்டுக்குச் சிலிண்டர் 568 ரூபாய் 50 காசு. இண்டக்ஷனின் 672ஐவிடக் குறைவு. ஆக ஒரே தெருவில், ஒரே கூலி வாங்குகிற மூன்று பெண்களுக்கு மூன்று விடை வருகிறது. எந்த அடுப்பு சிறந்தது என்பதால் அல்ல, யார் பேரில் என்ன காகிதம் இருக்கிறது என்பதால்.

இந்த உஜ்வாலாவில் நம்மை ஏமாற்றிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2016 மே 1ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இல்லாத பெண்களுக்குத்தான் அது. நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் நம் அம்மாக்கள் பலருக்கு 2007இலேயே மாநில அரசு இணைப்பு கொடுத்துவிட்டது. ஆகவே அவர்கள் உஜ்வாலாவில் சேர முடியாது. அன்றைக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை, எல்லோருக்கும் பொது மானியம் இருந்தது. 2020 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பொது மானியம் சத்தமில்லாமல் வற்றிப்போனது. பிறகு 2022இல் 200 ரூபாயும் 2023 அக்டோபரில் 300 ரூபாயும் என்று மானியம் திரும்ப வந்தபோது, அது உஜ்வாலாக்காரர்களுக்கு மட்டும் என்று வந்தது. பத்து வருடம் முன்பே ஒரு மாநிலம் தன் ஏழைகளுக்கு அடுப்பு கொடுத்த குற்றத்துக்கு, அந்த ஏழைகள் இப்போது முழு விலை கொடுக்கிறார்கள்.

மாநிலக் கட்சிகள் மட்டும் யோக்கியமா? 2021 தேர்தலில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்றது தி.மு.க. வருடத்துக்கு ஆறு சிலிண்டர் இலவசம் என்றது அ.தி.மு.க. தோற்றவர்களைக் கேட்டுப் பயனில்லை. ஜெயித்தவர்களின் 100 ரூபாயை இன்னும் எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறதே என்பார்கள். வருகிறது, நல்ல திட்டம்தான். சிலிண்டருக்கு 868 போய், கொண்டுவந்த ஆளுக்குத் தனியாக 50 போய், மிச்சத்தில் உப்பு புளி வாங்கலாம். நூறு நாள் வேலையில் 2025-26க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அளந்து முடித்துக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஒரு சிலிண்டருக்கு மூன்று நாள் மண் வெட்ட வேண்டும்.

அந்த 50 ரூபாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுக்கிற கூலி சிலிண்டர் விலைக்குள்ளேயே அடக்கம். ஆனால் நான் போய்வருகிற ஒரு காலனிக்குள் வண்டி வராது. மெயின் ரோட்டு முனையில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். நிரம்பிய சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அறுபது வயது அம்மா அதை உருட்டிக்கொண்டே வருவார். பாதை சரியில்லை என்பது அவர்கள் சொல்கிற காரணம். அதே பாதையில் மினி லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஊர்த்தெருவில் சமையற்கட்டு வரை போய் ரெகுலேட்டர் மாட்டிக்கொடுக்கிற கை, நம் தெருவில் ரோட்டு முனையைத் தாண்டாது. சிலிண்டர் தூக்குகிற பையன் நம் பையனாக இருந்துவிட்டால், அவனைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு வீட்டு ஆளே உள்ளே உருட்டிக்கொண்டு போகிற வீடுகளும் உண்டு. அடுப்பு மாறிவிட்டது. அடுப்பங்கரைக்குள் யார் வரலாம் என்பது மாறவில்லை.

மின்சாரத்துக்கு இந்தத் தீட்டெல்லாம் கிடையாது, கம்பி வழியாக நேரே வீட்டுக்குள் வந்துவிடும் என்பதுதான் இண்டக்ஷனில் எனக்குப் பிடித்த விஷயம். புகை இல்லை, திறந்த தீ இல்லை. கீற்றுக்கூரைக்குக் கீழே தீ இல்லாத அடுப்பு எத்தனை பெரிய நிம்மதி என்பது கூரையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த கீழவெண்மணிக்கு அடுத்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு கூரையையும் நெருப்பையும் பற்றிச் சாதாரணமாக எழுத வரவில்லை. காலை டீக்கும், பிள்ளைக்குப் பால் காய்ச்சவும், அவசரத்துக்கு ஒரு ரசம் வைக்கவும் இண்டக்ஷனைப்போல் வேகமானது கிடையாது. இதையெல்லாம் மறுக்கவில்லை.

பாத்திரம் ஒரு தொல்லை. காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம்தான் இதில் சூடேறும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது. நம் வீட்டு அலுமினியக் குண்டான், மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி, எதுவும் ஆகாது. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரமும் ஈயச்சொம்பும்கூட ஆகாது. ஊர்த்தெருப் பாத்திரத்தையும் சேரிப் பாத்திரத்தையும் பேதமில்லாமல் ஒதுக்குகிற அடுப்பு இது ஒன்றுதான். ஏழு பேருக்குப் புழுங்கல் அரிசி உலை வைத்து வடிக்கிற வீட்டுக்கு, ஒற்றைக் கண்ணாடித் தட்டு போதவும் போதாது. சோறு ஒரு பக்கம் குழம்பு ஒரு பக்கம் என்று ஆறு மணிக்குள் முடித்துவிட்டு நடவுக்குப் போக வேண்டியவளுக்கு இரண்டு பர்னர் வேண்டும்.

ஆனால் முக்கியமான தடை பாத்திரம் இல்லை, கம்பி.

குடிசைகளுக்கான இலவச மின் இணைப்பில் எவ்வளவு அனுமதி தெரியுமா? 40 வாட்டுக்கு மிகாத ஒரே ஒரு விளக்கு. பிறகு அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது, அதற்கு அனுமதி வந்தது. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள், அதற்கும் வந்தது. அதாவது அரசு கையில் கொடுக்கிற பொருளுக்கு மட்டும் கதவு திறக்கும். இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 2,000 வாட். ஐம்பது குடிசையின் விளக்கு ஒரே அடுப்பில் எரிகிற மாதிரி. குடிசை இணைப்பில் இதைச் சொருகினால் அது விதிமீறல். ஆள் வந்து பிடித்தால் அபராதம். கொஞ்சம் முன்னேறிய காலனி வீட்டில்கூட வீடு கட்டிய காலத்தில் இழுத்த மெல்லிய ஒயரும் 5 ஆம்பியர் பிளக்கும்தான். இந்த அடுப்பு இழுப்பது எட்டு, ஒன்பது ஆம்பியர். பிளக் உருகிக் கருகியதை நாலைந்து வீட்டில் நானே பார்த்திருக்கிறேன்.

பட்டா இல்லாத கதை வேறு. டெல்டாவில் நம் குடியிருப்புகள் பாதி கோயில் மனையிலும் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கின்றன. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கித் தனிக்குடித்தனம் வைக்கிறார்கள். அதற்குத் தனி மீட்டர் கேட்டால் மனைக்கு என்ன ஆதாரம் என்பார்கள். ஆகவே ஒரு மீட்டரில் மூன்று குடும்பம். மூன்று குடும்பத்தின் யூனிட்டும் ஒரே கணக்கில் ஏறி மேல் கட்டணத்துக்குப் போய்விடும். இலவச 100 யூனிட்டும் மூன்று பேருக்குச் சேர்த்து ஒன்றுதான். மீட்டர் யார் பேரில் என்று தலைப்பில் கேட்டது இதனால்தான்.

அப்புறம் லோ வோல்டேஜ். ஊர்த்தெருவுக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், காலனி கம்பியின் கடைசி முனையில். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் ஃபேன் தள்ளாடும். அந்த நேரத்தில் நாலு வீட்டில் இண்டக்ஷனைப் போட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இதற்காக ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இவ்வளவு லோடு உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். பேர் சொல்லவில்லை, எங்கேயும் இதே கேள்விதான் வருமென்று நினைக்கிறேன்.

லோடு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான். 5 குதிரைத்திறன் பம்புசெட் மோட்டார் சுமார் 3,700 வாட். இரண்டு இண்டக்ஷன் அடுப்புக்குக் கொஞ்சம் குறைவு. அதை நடு வயலுக்கு, கம்பம் நட்டு, கம்பி இழுத்து, டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரமும் இலவசம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. காவிரிக்காக மறியலில் உட்கார்ந்தபோது முன்வரிசையில் இருந்தது நம் ஆட்கள். ஆனால் நிலமுள்ளவரின் மோட்டாருக்கு 3,700 வாட் வயலுக்கே போக முடியும் என்றால், அந்த வயலில் நாற்று நட்டுவிட்டு வருகிறவளின் அடுப்புக்கு 2,000 வாட் அவள் வீட்டுக்கு ஏன் வரக்கூடாது? கம்பி இழுக்கத் தெரியாததாலா? நம் மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிற இயற்கை எரிவாயுவை எரித்து, மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் கோவில்களப்பாலில் 107 மெகாவாட் மின்நிலையம் ஓட்டத் தெரிந்தவர்கள்தானே இவர்கள்.

டெல்லியிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, கேஸுக்கு மானியம் கொடுப்பதைவிட மின்சாரச் சமையலுக்குக் கொடுக்கலாமே என்று பேசினார். 2023 நவம்பரில் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 20 லட்சம் மின் அடுப்புகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அந்தச் செலவைக் குறைக்க நினைப்பதில் தப்பில்லை. எனக்குப் பயம் வேறு. இண்டக்ஷன் வந்துவிட்டதே, இனி கேஸ் மானியம் எதற்கு என்று ஒரு நாள் சொல்வார்கள். பொது மானியம் எப்படிப் போனது என்று பார்த்தோமே. அறிவிப்பு இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. குறுஞ்செய்தி வருவது நின்றது, அவ்வளவுதான்.

எக்குவடோர் என்ற தென்னமெரிக்க நாட்டில் 2014இல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 30 லட்சம் வீடுகளைக் கேஸிலிருந்து இண்டக்ஷனுக்கு மாற்றுவது இலக்கு. கவனியுங்கள், வெறும் அடுப்பை விற்றுவிட்டு அவர்கள் போகவில்லை. வீட்டுக்குள் 220 வோல்ட் இணைப்பு இழுத்துக் கொடுத்தார்கள். அடுப்புக்கென்றே மாதம் 80 யூனிட் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்படியும் இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இங்கே ஒயரும் மாற்றாமல், யூனிட்டும் கொடுக்காமல், ‘சிக்கனமாக இருங்கள்’ என்று புத்தி மட்டும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும்?

கேஸை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். 2015 கடைசியில் எல்லையில் லாரிகள் நின்றுபோனபோது நேபாளத்தில் மாதக்கணக்கில் சிலிண்டர் இல்லை. காத்மாண்டு மக்கள் இண்டக்ஷன் வாங்க ஓடினார்கள். அப்போது அங்கே மின்வெட்டும் கடுமை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நம் மாவட்டத்தின் தெற்கே முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் இருட்டு. கம்பியை ஊருக்கு முதலில் சரிசெய்தார்களா, காலனிக்கு முதலில் சரிசெய்தார்களா என்பதை அந்தப் பக்கத்துத் தோழர்களிடம் கேட்டுப்பாருங்கள். அந்த நாட்களில் கரண்ட் அடுப்பு மட்டும் வைத்திருந்தவள் சோற்றுக்கு என்ன செய்திருப்பாள்?

ஆகவே என்னிடம் கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது: கேஸ் இணைப்பை யார் சொன்னாலும் ஒப்படைக்காதீர்கள். சொந்த மீட்டர் இருந்து, ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் மாற்றிக்கொள்ள முடிந்தால், இண்டக்ஷனை இரண்டாவது அடுப்பாக வாங்குங்கள். டீ, பால், வெந்நீர், காலை அவசரம் இதற்குப் போய்விட்டால் சிலிண்டர் கூடுதலாக இருபது நாள் வரும். உலையும் குழம்பும் கேஸில் இருக்கட்டும். பிளக் சரியில்லாத வீட்டில் தவணைக்காரன் தலையில் கட்டுகிற அடுப்பை வாங்காதீர்கள். இதில் ஆண் தோழர்களுக்கும் ஒன்று. கூட்டத்தில் அடுப்பு விஷயம் வந்தால் எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. இரண்டு அடுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் சொல்வதை ஏற்கக்கூடாது. இரண்டும் வேண்டும். 2007இல் மாநில அரசு இணைப்பு வாங்கிய ஏழைக் குடும்பங்களுக்கும் அதே 300 ரூபாய் மானியம் வேண்டும், சொன்ன 100 ரூபாயையும் கொடுக்க வேண்டும். பட்டா விவகாரம் முடிகிற வரை காத்திருக்காமல் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். குடிசை இணைப்பில் அடுப்புக்கும் இடம் வேண்டும். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று கலைஞர் கனவு இல்லம் கட்டுகிறார்கள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதில் சமையல் மேடைக்கு மேலே ஒரு 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் வைக்க எவ்வளவு ஆகிவிடும்? சுவர் பூசிய பிறகு இடித்து வைப்பதைவிட இப்போதே வைப்பது மலிவு. காலனிக்கென்று தனி டிரான்ஸ்பார்மருக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று 2024இல் சட்டப்பேரவை சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. தெருவிளக்குக்கும் பொதுச் சாலைக்கும் அந்தக் கணக்கைத் திருப்பிவிடாமல் இதற்குக் கேளுங்கள்.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் கையில் மூன்று காகிதம் கொண்டுபோங்கள். காலனியில் எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர் என்று ஒரு பட்டியல். மாலை ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒரு வாரம் எழுதிய கணக்கு. வோல்ட் பார்க்கிற மீட்டர் எந்த எலக்ட்ரீசியன் பையனிடமும் இருக்கும். மூன்றாவது, சிலிண்டர் ரசீது விலையும் கையில் கொடுத்த விலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாள். வாயால் சொன்னால் பதிவேட்டில் ஏறாது. தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.